பெட்டியைத் திருப்பிப் பாருங்கள்

போன இதழில் "படிக்கிற பிள்ளைக்கு 64 ஜிபி டேப் வாங்கித் தராதீர்கள்" என்று ஒரு வரி எழுதியிருந்தேன். அந்த ஒரு வரிக்கு வந்த கடிதங்களே இந்த முறை பக்கத்தை நிறைத்துவிட்டன. பாராட்டும் உண்டு, சண்டையும் உண்டு. மதுரை டவுன்ஹால் ரோட்டுப் பக்கம் பதினாலு வருஷமாக போன், டேப் சர்வீஸ் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

"மகள் பதினொன்றாம் வகுப்பு. நீட் கோச்சிங் ஆப்புக்குப் பணம் கட்டிவிட்டோம். கடையில் ஒரே டேப்பை 64 ஜிபி என்றால் 12,999, 128 ஜிபி என்றால் 15,999 என்கிறார்கள். மூவாயிரம் எங்களுக்குப் பெரிய தொகை. 64 வாங்கி மெமரி கார்டு போட்டுக்கொண்டால் ஆகாதா?" (ஒரு தந்தை, உசிலம்பட்டி)

ஆகாது அண்ணே. ஏன் என்று விவரமாகவே சொல்கிறேன்.

போன மாதம் செக்கானூரணியிலிருந்து ஒரு பொண்ணு அவள் அம்மாவோடு வந்தாள். டேப்பைத் திறந்தாலே "இடம் போதவில்லை" என்று வருகிறதாம். ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்து பார்த்தேன். சிஸ்டம் மட்டும் 18 ஜிபி. ஆப்கள் 15. வாட்ஸ்அப் 6. கோச்சிங் ஆப்புக்குள் இறக்கி வைத்த வகுப்புகள் 23. கூட்டிப் பாருங்கள், 62. மிச்சம் 2 ஜிபி. அந்தப் பொண்ணு தன் நோட்டின் கடைசிப் பக்கத்தைக் காட்டினாள். இடம் பண்ணுவதற்காக எந்தெந்தப் பாடத்தை அழித்தாள் என்று தேதி போட்டு எழுதி வைத்திருந்தாள். விலங்கியல் ஐந்து பாடம், கரிம வேதியியல் முழுசும். பரீட்சைக்கு முன்னால் திரும்ப இறக்க வேண்டுமே என்று மறக்காமல் இருக்க அந்தக் குறிப்பு. வீட்டில் வைஃபை கிடையாது, அப்பா போனின் ஹாட்ஸ்பாட்தான். ஒரு மணி நேர வகுப்பு சுமாரான தரத்தில் 300 எம்பி வரும். இருபது வகுப்பைத் திரும்ப இறக்க 6 ஜிபி. தினமும் 1.5 ஜிபி கொடுக்கிற பிளானில் நாலு நாள் டேட்டா அதற்கே போய்விடும்.

கார்டு போடலாமே என்கிறீர்கள். படம், பாட்டு, பிடிஎஃப் எல்லாம் கார்டுக்குப் போகும். ஆனால் கோச்சிங் ஆப்களில் பலவும் வீடியோவைப் பூட்டுப் போட்டுத் தங்களுக்குள்ளேயே வைத்துக்கொள்ளும். கார்டுக்கு மாற்ற விடாது. அந்தப் பொண்ணு டேப்பில் 64 ஜிபி கார்டு ஒன்று கிட்டத்தட்ட காலியாகக் கிடந்தது. உள்ளே இடமில்லை, வெளியே இடம் இருந்தும் பிரயோஜனமில்லை. உங்கள் ஆப் கார்டில் சேமிக்க விடுமா என்று பணம் கட்டிய இடத்தில் கேட்டுப் பாருங்கள். விடும் என்றால் மட்டும் 64 பற்றி யோசிக்கலாம்.

இன்னொன்று. மெமரி நிறைந்துவிட்டால் இடம் இல்லாமல் போவது மட்டுமில்லை, டேப்பே மந்தமாகிவிடும். ஃபிளாஷ் மெமரியில் ஏற்கனவே இருப்பதன் மேலேயே நேராக எழுத முடியாது. ஒரு பெரிய பகுதியை மொத்தமாக அழித்துத்தான் புதிதாக எழுத முடியும். அதற்குமுன் அங்கே இருப்பதை வேறு காலி இடத்துக்கு எடுத்து வைக்க வேண்டும். கல்யாண வீட்டில் எல்லா அறையிலும் ஆள் படுத்திருக்கும்போது ஒரு கட்டிலை நகர்த்துவது மாதிரி. விலை குறைந்த டேப்களில் பெரும்பாலும் இருக்கிற இஎம்எம்சி வகை மெமரி ஏற்கனவே மெதுவானது, அதில் இது நன்றாகவே தெரியும். "டேப் ஸ்லோ ஆயிருச்சு, பேட்டரி மாத்தணுமா?" என்று என்னிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு நான் செய்து கொடுப்பது ஐந்தாறு ஜிபியைக் காலி பண்ணுவதுதான்.

மூவாயிரம் பெரிய தொகைதான், மறுக்கவில்லை. இரண்டு வருஷப் படிப்பு, 24 மாதம். மாதத்துக்கு 125 ரூபாய். 128 வாங்குங்கள். இப்போது முடியாதென்றால் ஒரு மாதம் பொறுத்து வாங்குங்கள். மூடிய டேப்புக்குள் மெமரியைப் பிறகு கூட்டித் தர என்னாலும் முடியாது, வழக்கமான சர்வீஸ் கடை எதிலும் முடியாது.

"பேரனுக்கு ஒரு டேப் வாங்கினேன். பெட்டியில் இருந்த பெயரைத்தான் அவனும் எழுதிக் கொடுத்தான். வீட்டுக்குக் கொண்டுவந்தால் 'தாத்தா, இது பழசு' என்கிறான். பெயர் ஒன்றாக இருக்கும்போது பொருள் எப்படி வேறாகும்? அப்புறம், இதற்கு ஒரு நல்ல தமிழ்ப் பெயர் கிடையாதா?" (ஓய்வு பெற்ற தமிழாசிரியர், திருநகர்)

ஐயா, தப்பு உங்கள் மேல் இல்லை. பெயர் வைத்தவர்கள் மேல்.

உதாரணத்துக்கு, லெனோவோவின் எம்10 என்ற டேப் பெயர் 2018-ல் வந்தது. அதற்கப்புறம் இரண்டாம் தலைமுறை, மூன்றாம் தலைமுறை என்று வேறு வேறு டேப்கள் அதே எம்10 பெயரிலேயே வந்தன. நடுவில் 'பிளஸ்' ஒன்று தனியாக. கடையில் யாரும் தலைமுறையைச் சொல்லி விற்பதில்லை, எம்10 என்றுதான் சொல்வார்கள். ஆப்பிளும் இதைச் செய்தது. 2010-ல் ஐபேட், 2011-ல் ஐபேட் 2. சரி, அடுத்தது 3 என்று எல்லோரும் காத்திருந்தால், 2012 மார்ச்சில் வந்ததன் பெயர் வெறும் 'ஐபேட்'. விளம்பரத்தில் 'புதிய ஐபேட்' என்றார்கள். அதே வருஷம் நவம்பரில் நாலாவது வந்தது, அதுவும் வெறும் ஐபேட். புதியது எட்டே மாதத்தில் பழையதாகிவிட்டது, பெயர் மட்டும் மாறவில்லை.

பெயரின் பொருளும் நிற்பதில்லை. ஐபேடுக்கு 'ஏர்' என்ற பெயரை, காற்று மாதிரி மெலிசு என்று 2013-ல் வைத்தார்கள், அப்போது அது பொருத்தம். 2024-ல் வந்த 13 அங்குல ஐபேட் ஏர் 6.1 மில்லிமீட்டர் தடிமன், 600 கிராமுக்கு மேல். அதே நாளில் அறிவித்த 13 அங்குல ஐபேட் ப்ரோ 5.1 மில்லிமீட்டர், 579 கிராம். 'காற்றை' விட 'ப்ரோ' மெலிசு! நீங்கள் வகுப்பில் காரணப்பெயர், இடுகுறிப்பெயர் சொல்லிக் கொடுத்திருப்பீர்கள். இவர்கள் காரணப்பெயராக வைத்து இடுகுறியாக்கிவிடுகிறார்கள்.

ஆனால் பெயரை அவர்கள் லேசாக நினைப்பதில்லை. சீனாவில் 'ஐபேட்' என்ற பெயரின் உரிமை ப்ரோவியூ என்ற நிறுவனத்திடம் இருந்தது. வழக்கு நடந்து, 2012-ல் ஆப்பிள் 6 கோடி டாலர் கொடுத்துத்தான் முடித்தது. ஒரு பெயருக்கு அவ்வளவு பணம் கொடுக்கத் தெரிந்தவர்கள், அட்டையில் எத்தனையாவது தலைமுறை என்று பெரிதாக அச்சடித்தால் என்ன? எனக்கு இதில் உண்மையான கோபம் உண்டு ஐயா.

இனிமேல் கடைக்குப் போனால் முன்பக்கத்துப் பெயரைப் படிக்காதீர்கள். பெட்டியைத் திருப்புங்கள். பின்னாலோ ஓரத்திலோ மாடல் நம்பர் சின்ன எழுத்தில் இருக்கும், பக்கத்திலேயே உற்பத்தி அல்லது இறக்குமதி செய்த மாதமும் வருஷமும் இருக்கும். பேரனிடம் அந்த நம்பரை எழுதித் தரச் சொல்லுங்கள். சாம்சங் ஏ9 பிளஸ் என்ற ஒரே பெயரில் எஸ்எம்-எக்ஸ்210 என்றால் வைஃபை மட்டும், எஸ்எம்-எக்ஸ்216 என்றால் சிம் போடலாம். பெயரைச் சொன்னால் இரண்டில் எது வேண்டுமானாலும் கைக்கு வரும். நம்பரைச் சொன்னால் ஒன்றுதான் வரும்.

தமிழ்ப் பெயர் கேட்டீர்கள். கைக்கணினி, பலகைக் கணினி என்றெல்லாம் எழுதுகிறார்கள். என்னைக் கேட்டால் நம்மிடம் ஏற்கனவே ஒன்று இருக்கிறது, சிலேட்டு. வேற்றுமொழிச் சொல்தான் என்று நீங்கள் சிவப்பு மையில் சுழிப்பீர்கள். ஆனாலும் நம் ஊரில் குச்சி பிடித்து எழுதிய எல்லோருக்கும் அது சொந்தச் சொல்லாகிவிட்டது. மடியில் வைப்பது, எழுதுவது, அழிப்பது, கீழே போட்டு உடைப்பது எல்லாம் அப்படியே பொருந்துகிறது.

"பெரியார் பஸ் ஸ்டாண்டு பக்கம் 1 டிபி மெமரி கார்டு 400 ரூபாய்க்கு வாங்கினேன். டேப்பில் 1 டிபி என்றே காட்டுகிறது. ஆனால் பழைய போட்டோக்கள் திறக்கவில்லை." (கல்லூரி மாணவர், ஒத்தக்கடை)

போலி தம்பி. உள்ளே 16 அல்லது 32 ஜிபி சிப்தான் இருக்கும். 1 டிபி என்று பொய் சொல்லும்படி அதை மாற்றியிருப்பார்கள். உண்மையான இடம் முடிந்ததும் பழையதன் மேலேயே எழுதும், அல்லது எழுதியதாக நடிக்கும். திறக்கிற போட்டோக்களை இன்றைக்கே வேறு இடத்துக்கு மாற்றுங்கள். இனி எந்தக் கார்டு வாங்கினாலும் கம்ப்யூட்டரில் போட்டு முழுசாக நிரப்பிப் படித்துப் பாருங்கள். ஹெச்2டெஸ்ட்டபிள்யூ என்ற இலவச மென்பொருள் அதைத் தானே செய்யும். பில் இல்லாமல் வாங்காதீர்கள்.

"ஐபேட் 128 ஜிபி 34,900. 256 என்றால் 44,900. வெறும் மெமரிக்கு பத்தாயிரமா? அவ்வளவு விலையா மெமரி?" (பொறியியல் மாணவி, மேலூர்)

இல்லைம்மா. அது மெமரியின் விலை இல்லை, படிக்கட்டின் விலை.

2010-ல் முதல் ஐபேட் 16, 32, 64 ஜிபி என்று மூன்றாக வந்தது. அமெரிக்காவில் 499, 599, 699 டாலர். அதாவது முதல் படியில் கூடுதலாகக் கிடைத்த 16 ஜிபிக்கு 100 டாலர். 2025-ல் வந்த ஏ16 ஐபேட் அங்கே 128 ஜிபி 349, 256 ஜிபி 449. கூடுதலாக 128 ஜிபி, அதற்கும் அதே 100 டாலர். பதினைந்து வருஷத்தில் மெமரி எட்டு மடங்கு கூடியது, படியின் உயரம் மட்டும் நூறிலேயே நிற்கிறது. மெமரியின் அடக்க விலையைப் பார்த்து வைத்திருந்தால் இப்படி ஒரே எண்ணில் நிற்காது. வாங்குகிறவர் எவ்வளவுக்குச் சம்மதிப்பார் என்று பார்த்து வைக்கிற விலை இது.

விலை என்பது எவ்வளவு வளையும் என்பதற்கு ஒரு பழைய கதை சொல்கிறேன். 2011 ஜூலையில் ஹெச்பி நிறுவனம் டச்பேட் என்று ஒன்றை 16 ஜிபி 499 டாலருக்கு விற்க வந்தது. ஐபேட் விலையே தனக்கும். ஓடவில்லை. ஏழு வாரத்தில் நிறுத்துவதாக அறிவித்து, மிச்சத்தை 99 டாலருக்குத் தள்ளினார்கள். ஜனங்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அதே டேப்தான், அதே 16 ஜிபிதான்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். குறிப்பு எடுக்க, பிடிஎஃப் படிக்க, கொஞ்சம் வரைய என்றால் 128 போதும். பத்தாயிரத்தைக் கொடுக்காதீர்கள். ஐபேடில் கார்டு போட வழி இல்லைதான். ஆனால் டைப்-சி இருக்கிறது, டைப்-சி பென்டிரைவ் ஒன்றை நேராகச் செருகி ஃபைல்ஸ் ஆப்பில் திறக்கலாம். முடிந்த செமஸ்டர் எல்லாவற்றையும் அதற்குத் தள்ளிவிடுங்கள். வீடியோ எடிட்டிங் பண்ணுகிறவர் என்றால் மட்டும் இந்தப் பதிலை விட்டுவிடுங்கள், உங்களுக்கு 256 வேண்டும்.

"4+4 = 8 ஜிபி ரேம் என்று பெட்டியில் போட்டிருக்கிறார்களே, நல்லதா?" (பூ வியாபாரி, நிலக்கோட்டை)

ரேம் என்பது ஆப் ஓடும்போது பயன்படுத்துகிற தற்காலிக இடம். அது நிஜமாக இருப்பது 4தான் அண்ணே. மற்ற 4 உங்கள் ஸ்டோரேஜிலிருந்தே எடுத்துக்கொள்வது. நிஜ ரேமின் வேகம் அதற்கு வராது. 64 ஜிபி டேப் என்றால் செட்டிங்ஸில் அதை அணைத்துவிட்டு அந்த 4 ஜிபியைத் திரும்ப வாங்கிக்கொள்ளுங்கள். ஒரு கிலோ மல்லிகையில் அரைக் கிலோ வாழைநார் சேர்த்து எடை போட்டால் நீங்கள் விடுவீர்களா?

"64 வாங்காதே என்று எழுதிவிட்டீர்கள். என் கடைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் பன்னிரண்டாயிரம் சேர்க்கவே ஆறு மாதம் ஆனவர்கள். அவர்கள் டேப்பே வாங்கக் கூடாது என்கிறீர்களா?" (கடை உரிமையாளர், திருமங்கலம்)

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். பாதி உங்கள் பக்கம் நியாயம். நான் எழுதிய வரி படிக்கிற பிள்ளைகளுக்கு. அதைத் தாண்டி எல்லோருக்கும் பொருந்துகிற மாதிரி எழுதிவிட்டேன் என்றால் அது என் தவறு. அலங்காநல்லூரில் என் சித்தி 64 ஜிபி டேப்தான் வைத்திருக்கிறார், மூன்று வருஷமாக. துபாயில் இருக்கிற மகனோடு வீடியோ கால், மாலையில் பக்திப் பாட்டு, அவ்வளவுதான். பாதி இடம் இன்னும் காலி. அவருக்கு 128 வாங்கச் சொன்னால் அது காசைக் கரியாக்குவது.

குறைந்த விலைக்கு ஒரு டேப் வேண்டும் என்ற ஆசை நம் நாட்டில் புதிதும் இல்லை. 2011 அக்டோபரில் டெல்லியில், மாணவர்களுக்கென்று மத்திய அரசு கொண்டுவந்த 'ஆகாஷ்' டேப் வந்தபோது நாமெல்லாம் எவ்வளவு நம்பினோம்! ஏழு அங்குலம், 256 எம்பி ரேம், உள்ளே 2 ஜிபி. திரையை நகத்தால் அழுத்தினால்தான் கேட்கும். விலை எட்டியது, படிப்பு எட்டவில்லை. அதை நினைத்துத்தான் 64 என்றாலே எனக்குப் பதற்றம்.

பெரிய கம்பெனிகளும் காலி இடத்தைத் தாமாகச் சொன்னதில்லை. மைக்ரோசாஃப்டின் சர்ஃபேஸ் 2012-ல் 32 ஜிபி என்று வந்தபோது, வாங்கியவருக்குக் கிடைத்தது சுமார் 16. அடுத்த வருஷம் 64 ஜிபி சர்ஃபேஸ் ப்ரோவில் 23தான் மிச்சம் என்று கேள்வி எழுந்த பிறகே சொன்னார்கள். நம் டேப்களில் அவ்வளவு மோசம் இல்லை. ஆனாலும் பெட்டியில் 64 என்று படிக்கிற அப்பாவுக்கு, பிள்ளை கையில் கிடைக்கப்போவது நாற்பது சொச்சம் என்று யார் சொல்வது? நீங்கள்தான் சொல்ல முடியும்.

உங்களிடம் ஒன்று கேட்கிறேன். கடையில் டெமோவுக்கு வைத்திருக்கிற 64 ஜிபி டேப்பில் அப்டேட் எல்லாம் போட்டு, நாலு வழக்கமான ஆப் ஏற்றி, ஸ்டோரேஜ் பக்கத்தைத் திறந்த மாதிரியே கவுண்டரில் வையுங்கள். வருகிறவர் அதைப் பார்த்துவிட்டுத் தன் தேவைக்குத் தானே முடிவு பண்ணட்டும். அதைப் பார்த்தும் 64-ஐக் கேட்டு வாங்கினால் நான் ஒரு வார்த்தை பேச மாட்டேன். அடுத்த மாதம் திருமங்கலம் பக்கம் ஒரு வேலை இருக்கிறது, கடைக்கு வருகிறேன்.