வாலென்சியாவில் பத்ரோன் பதிவுக்கு வீட்டு உரிமையாளரின் சம்மதம் தேவையா?

பத்ரோன் என்பது ஸ்பெயினில் ஒவ்வொரு நகராட்சியும் வைத்திருக்கும் குடியிருப்போர் பதிவேடு. உரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் நீங்கள் அதில் பதிவு செய்துகொள்ளலாம். உங்கள் 11 மாத வாடகை ஒப்பந்தத்தில் ‘இம்முகவரியில் பத்ரோன் பதிவு கூடாது’ என்று எழுதியிருப்பதாகச் சொல்கிறீர்கள். ஸ்பெயினில் வசிக்கும் ஒவ்வொருவரும் தாம் வழக்கமாக வாழும் நகராட்சியின் குடியிருப்போர் பதிவேட்டில் பெயரைச் சேர்க்க வேண்டும் என்பது 1985ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டம் விதித்த கடமை. இருவருக்கிடையிலான ஒப்பந்தத்தின் ஒரு வரி அதை நீக்கிவிட முடியாது.

அவர் மறுப்பதற்குக் காரணம் பெரும்பாலும் அச்சம்தான். தற்காலிகமாகக் குடிவந்தவர், இதுவே தம் நிரந்தர வீடு என்று பின்னாளில் வாதிட்டு, வாடகைச் சட்டம் தரும் 5 ஆண்டுப் பாதுகாப்பைக் கோரிவிடுவாரோ என்று உரிமையாளர்கள் தயங்குவது அங்கே வழக்கம். டிஜிட்டல் நோமாட் அனுமதிக்கான (வெளிநாட்டு நிறுவனத்துக்கு இணையவழி வேலை செய்பவர்கள் ஸ்பெயினில் வசிக்கப் பெறும் அனுமதி) வசிப்பிட அட்டைக்காகவே பதிவு தேவைப்படுகிறது என்பதை மின்னஞ்சலில் நிதானமாக விளக்கிப் பாருங்கள். சண்டையில்லாமல் முடிந்தால் இருவருக்கும் நல்லது.

நகராட்சியில் நேரம் முன்பதிவு செய்வதற்கு முன், ஒப்பந்தத்தில் உள்ள முகவரியைச் சரிபாருங்கள். வாலென்சியாவின் பல கட்டடங்களில் மாடியைக் குறிப்பிடாமல் ‘புவெர்த்தா 14’ என்பதுபோலக் கதவு எண்ணை மட்டுமே எழுதுவார்கள். அந்த எண் விடுபட்டிருந்தால், எந்த வீடு என்று அலுவலரால் உறுதிசெய்ய இயலாது. உங்கள் பெயர் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கிறதா, இரு தரப்புக் கையொப்பமும் உள்ளதா என்பதையும் கவனியுங்கள்.

உங்களுக்கு வீட்டைக் கொடுத்தவர் உரிமையாளராக இல்லாமல் அவரும் ஒரு வாடகைதாரராகவே இருந்தால், அவருக்கு உள்வாடகைக்கு விடும் உரிமை உண்டா என்ற கேள்வி எழும். அப்போது கூடுதல் சான்று கேட்கப்படலாம். மேலும், ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வந்து நீண்டகால வசிப்பு அனுமதி பெறாதவர்கள் இப்பதிவை 2 ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும்.