பேப்பர் மில் குறைந்தால் லாபம் கூடுமா? கேள்வி பதில்

(வேலூர் வட்டாரத்து உறுப்பினர்களின் கேள்விகளுக்கு, காகித வணிகக் கணக்குகள் பார்க்கும் நம் உறுப்பினரின் பதில்கள்.)

காட்பாடி, எம்.காம். மாணவி: சார், சந்தைக் குவிவை, அதாவது சந்தை ஒரு சில நிறுவனங்களின் கையில் சேர்வதை, எப்படி அளப்பது?

ஒவ்வொரு நிறுவனத்தின் சந்தைப் பங்கையும் வர்க்கப்படுத்திக் கூட்டும்மா. நாலு பேர் 40, 30, 20, 10 சதவீதம் வைத்திருந்தால் 3000. பத்துப் பேர் சமமாக வைத்திருந்தால் 1000. இதுதான் ஹெர்ஃபிண்டால்-ஹிர்ஷ்மன் குறியீடு. 2023-இல் வந்த அமெரிக்க வழிகாட்டுதல்படி 1800-க்கு மேல் போனால் குவிவு அதிகம். ஆனால் ‘காகிதம்’ என்று மொத்தமாகக் கணக்குப் போட்டுவிடாதே. நோட்டுத் தாள், கிராஃப்ட் (அட்டைப்பெட்டிக்கான பழுப்புத் தாள்), டூப்ளெக்ஸ் (சின்னப் பெட்டிகளுக்கான வெள்ளை முக அட்டை) எல்லாம் தனித்தனிச் சந்தை. புராஜெக்ட்கள் சறுக்குவது பெரும்பாலும் இங்கேதான்.

ஆம்பூர், ஷூ பெட்டி தயாரிப்பவர்: கிராஃப்ட் மில் எத்தனையோ இருக்கிறது. விலையை மட்டும் எல்லாரும் சேர்ந்தாற்போல ஏற்றுகிறார்களே, பேசி வைத்துக்கொண்டா?

பேசி வைத்திருந்தால் 2002 போட்டிச் சட்டப்படி தப்பு. ஆனால் விலை ஒன்றாக ஏறியது மட்டும் அதற்குச் சாட்சி ஆகாது. பெரும்பாலான கிராஃப்ட் மில்லுக்கு மூலப்பொருள் பழைய அட்டைதான். அதன் விலை ஏறினால் எல்லாருக்கும் ஒரே வாரத்தில் சுடும்.

குடியாத்தம், பங்கு வாங்குபவர்: அண்ணா, சின்ன மில்களைப் பெரியவர்கள் வாங்கிக்கொண்டே போகிறார்கள். அப்போ லாபம் கூடும்தானே?

1951-இல் பெய்ன் என்ற பொருளாதார அறிஞர் கிட்டத்தட்ட அப்படித்தான் சொன்னார். 1973-இல் டெம்செட்ஸ் அதைத் திருப்பிப் போட்டார்: திறமையாக நடத்துகிறவன்தான் பெரிதாகிறான், லாபமும் அந்தத் திறமையால் வருகிறது என்றார்.

நம் நாட்டுக் கணக்கைப் பாருங்கள். 2018-இல் சிர்பூர் ஆலையை ஜே.கே. பேப்பர் எடுத்தது. 2019-இல் ஆந்திரா பேப்பரை வெஸ்ட் கோஸ்ட் பேப்பர் மில்ஸ் வாங்கியது. 2022-23-இல் காகித மில்களுக்கு லாபம் கொட்டியது. அடுத்த வருஷமே இறக்குமதித் தாள் குவிந்து, மரத்தின் விலையும் ஏறி, லாபம் இறங்கிவிட்டது. ஒரே வருஷத்தில் மில்களின் எண்ணிக்கையா மாறியது?

மெஷினை நிறுத்தினாலும் வட்டி, சம்பளம் நிற்காது. அதனால் சரக்கு தேங்கும்போது பெரிய மில்லும் விலையைக் குறைத்துத் தள்ளத்தான் பார்க்கும். எழுது, அச்சுத் தாளில் முன்வரிசையில் இருந்த பல்லார்பூர் இண்டஸ்ட்ரீஸ் கடன் தாங்காமல் திவால் நடவடிக்கைக்குப் போனதை மறந்துவிட்டு இந்தத் துறையில் பணம் போடாதீர்கள்.

ராணிப்பேட்டை, பிரிண்டிங் பிரஸ்: தமிழக அரசின் காகித நிறுவனமான டி.என்.பி.எல். கரும்புச் சக்கையில் தாள் செய்கிறது. அதற்கு மரத்தின் விலை ஏறினால் கவலை இல்லையே?

இருக்கிறது. சக்கையோடு மரக்கூழும் சேர்கிறது. கரும்பு குறைந்த வருஷம் சக்கைக்கும் தட்டுப்பாடுதான்.

காட்பாடி, அதே மாணவி: ஆண்டறிக்கையில் முதலில் எதைப் பார்ப்பது சார்?

விற்ற டன்னுக்கு எவ்வளவு செயல்பாட்டு லாபம் (வட்டி, வரி கழிக்கும் முன் தொழிலில் வந்த லாபம்) என்று வகுத்துப் பார். ஐந்து வருஷத்துக்காவது போடு. நல்ல வருஷத்தை மட்டும் எடுத்தால் எந்த மில்லும் தங்கச் சுரங்கமாகத் தெரியும். அப்புறம் கடன். சந்தைப் பங்கைக் கடைசியாகப் பார்த்தால் போதும்.