தண்டவாளம் இல்லாத ரயில் நிலையம்

கேள்வி: பள்ளி விடுமுறைக்குப் பேரப்பிள்ளைகளுடன் பினாங்கு வருகிறோம். கோட்டை, கொடிமலை, தண்ணீர்மலை முருகன் கோயில் எல்லாம் பார்த்தாயிற்று. அதிகம் பேர் கவனிக்காத பழைய கட்டடம் ஏதாவது சொல்லுங்களேன்.
– வாசகி ஒருவர், சுங்கை பட்டாணி

பதில்: பாலம் வேண்டாம் அம்மா, பட்டர்வொர்த்தில் பெர்ரி ஏறி வாருங்கள். நான் சொல்லப்போகும் கட்டடத்துக்குக் கடல்வழியாக வந்தால்தான் பொருள் உண்டு.

துறையில் இறங்கி, கடற்கரைச் சாலையோடு சீனா தெரு முனைவரை நடந்தால், உச்சியில் மணிக்கூண்டு வைத்த வெள்ளைக் கட்டடம் ஒன்று நிற்கும். இன்று அது சுங்கத்துறை அலுவலகம். 1907இல் கட்டியபோது அது ரயில் நிலையம். ஆனால் இந்தத் தீவின் கரையில் அப்படி ஒரு ரயில் ஓடியதே இல்லை! அன்று தண்டவாளம் அக்கரையில், பிறை என்ற ஊர் வரைக்கும்தான். கப்பலில் வந்தவர்கள் இங்கே டிக்கெட் வாங்கி, படகேறிப் பிறைக்குப் போய் ரயில் பிடித்தார்கள். முதல் பாலம் 1985இல்தான் வந்தது; அதுவரை தீவுக்கும் பெருநிலத்துக்கும் நடுவில் படகை விட்டால் வேறு வழி கிடையாது.

என் தந்தை நாகப்பட்டினத்தில் ‘ரஜுலா’ கப்பல் ஏறி இங்கே வந்து இறங்கியவர். தைப்பிங்கில் இருந்த தாய்மாமன் வீட்டுக்குப் போக வேண்டும். மணிக்கூண்டைக் காட்டி, “அதுதான் ரயிலடி” என்று யாரோ சொல்ல, தகரப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு கட்டடத்தை இரண்டு முறை சுற்றியிருக்கிறார். கடைசியில் மூட்டை தூக்கும் ஒரு தமிழர்தான் கடலைக் காட்டி, “ரயில் அந்தப் பக்கம் தம்பி” என்றாராம். எழுபது வயதிலும் இதைச் சொல்லும்போது அப்பாவின் கை தானாகத் தலைக்குப் போகும், பெட்டியைப் பிடிக்க. அந்தத் தெருமுனையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு அந்தக் கைதான் நினைவுக்கு வருகிறது.

பக்கத்திலேயே விக்டோரியா மணிக்கூண்டும் இருக்கிறது. அரசி ஆட்சியேறி 60 ஆண்டு நிறைந்ததற்கு 60 அடி. போர்க்காலக் குண்டுவீச்சில் சற்றே சாய்ந்துவிட்டது; பிள்ளைகள் கண்டுபிடிக்கிறார்களா பாருங்கள்.

கால் வலிக்காவிட்டால் சூலியா தெருவுக்கும் வாருங்கள். அங்கே நாகூர் தர்கா இருக்கிறது. நாகூர் ஆண்டகை அடங்கியிருப்பது தமிழகத்து நாகூரில். கடல் கடந்து வந்த நம் மக்கள், அவர் நினைவாக இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே இங்கும் ஒன்றை எழுப்பிக்கொண்டார்கள். சுவரோடு ஒட்டிய சிறு கடைகள் மறைப்பதால் பலர் தெரியாமலே கடந்துபோகிறார்கள். நீங்கள் நின்று பாருங்கள்.

சுங்கத்துறைக் கட்டடம் அரசு அலுவலகம் என்பதால் வெளியிலிருந்துதான் பார்க்க வேண்டும். காலையிலேயே வந்துவிடுங்கள், பத்து மணிக்குமேல் அந்தக் கரையில் வெயில் தாங்காது.