ரிசீட்டில் ‘பி’ எதற்கு? கேள்வி பதில்

கேள்வி: அக்கா, receipt என்ற ஆங்கிலச் சொல்லை எங்கள் ஆபீசில் பாதிப் பேர் ‘ரெசிப்ட்’ என்கிறார்கள், மீதிப் பேர் ‘ரிசீட்’. எது சரி?

ரிசீட்தான் தம்பி. ‘சீ’யை நீட்டினால் போதும், பி வாயில் வரவே கூடாது. பழைய பிரெஞ்சு வழியாக இந்தச் சொல் இங்கிலாந்துக்கு வந்தபோது அதில் பி கிடையாது. மூலமான லத்தீன் ‘ரெசெப்டா’வில் இருக்கிறதே, அதை எழுத்திலாவது காட்டவேண்டும் என்று படித்தவர்கள் பிற்பாடு சொருகிவிட்டார்கள், பேசுகிறவர்கள் கண்டுகொள்ளவில்லை. டிசீட் (ஏமாற்று), கன்சீட் (தற்பெருமை) இரண்டும் இதே குடும்பம்தான், அவற்றிலும் சிலர் பி சேர்த்து எழுதிப் பார்த்தார்கள், நிலைக்கவில்லை. இதில் மட்டும் ஒட்டிக்கொண்டது. நியாயமெல்லாம் கேட்கக்கூடாது!

கேள்வி: ரிசீட் ஸ்பெல்லிங்கில் ஈ முதலிலா, ஐ முதலிலா? ஒவ்வொரு தடவையும் குழப்பம்.

சி-க்குப் பிறகு ஈ, அப்புறம் ஐ. ரிசீவ், சீலிங் எல்லாம் அப்படித்தான். சயின்ஸ் இந்த விதிக்கு அடங்காது.

கேள்வி: நம் ‘ரசீது’ இதிலிருந்து வந்ததுதானே?

எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். இல்லை. அது பாரசீக ‘ரசீத்’, ‘வந்து சேர்ந்தது’ என்று பொருள், இந்துஸ்தானி வழியாக நம்மிடம் வந்தது. பொருளும் ஒலியும் இவ்வளவு ஒத்துப்போனது தற்செயல்தான்.

கேள்வி: பில்லுக்கும் ரிசீட்டுக்கும் என்ன வித்தியாசம்?

ஹோட்டலில் சாப்பிட்டு முடித்ததும் மேசையில் வைப்பது பில், பணம் கட்டியதற்குத் தருவது ரிசீட். மளிகைக்கடையில் ஒரே சீட்டு இரண்டு வேலையும் பார்ப்பதால்தான் இந்தக் குழப்பம். வீட்டு வாடகைக்கு வாங்குவது ரிசீட்தான். ரொக்கமாகக் கொடுத்தது 5000 ரூபாய்க்கு மேல் என்றால் 1 ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி, கையெழுத்து பாதி ஸ்டாம்பிலும் பாதி தாளிலும் விழுகிற மாதிரி வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: ‘கைண்ட்லி அக்னாலெட்ஜ் ரிசீட்’ என்று மெயில் வந்திருக்கிறது. நான் ரசீது அனுப்ப வேண்டுமா?

வேண்டாம், ‘கிடைத்தது’ என்று ஒரு வரி பதில் போட்டால் போதும். இங்கே ரிசீட் என்றால் சீட்டு இல்லை, பெற்றுக்கொள்வது. இந்தப் பொருளில் முன்னால் ‘எ’ (a) போடக்கூடாது: ‘ஆன் ரிசீட் ஆஃப் பேமென்ட்’. வாட்ஸப் நீல டிக்கை ‘ரீட் ரிசீட்’ என்பது இந்த வகை இல்லை, அது படித்ததற்கான அத்தாட்சி. ‘ஐ ஆம் இன் ரிசீட் ஆஃப் யுவர் லெட்டர்’ மட்டும் வேண்டாமே, ‘ஐ ஹேவ் ரிசீவ்ட்’ என்றால் என்ன குறைந்துவிடும்?

கேள்வி: பழைய ஆங்கிலச் சமையல் புத்தகத்தில் செய்முறைக்கு ரிசீட் என்று போட்டிருக்கிறது. அச்சுப்பிழையா?

பிழை இல்லை. மருந்து, சமையல் செய்முறைக்கு ஒரு காலத்தில் அதுதான் சொல், ரெசிபி பிறகுதான் அந்த இடத்தைப் பிடித்தது. ‘ரெசிபி’ என்றால் லத்தீனில் ‘எடுத்துக்கொள்’. டாக்டர் சீட்டின் தலைப்பில், ஆர் எழுத்தின் காலில் குறுக்குக்கோடு போட்ட குறி இருக்குமே, அது இதன் சுருக்கம்.

கேள்வி: என் பெண் ‘ரிசீட்ஸ் இருக்கு’ என்று மிரட்டுகிறாள். என்ன அர்த்தம்?

ஆதாரம் கையில் இருக்கிறது என்கிறாள். பெரும்பாலும் ஸ்கிரீன்ஷாட். நீங்கள் என்ன அனுப்பினீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.