கல்ச்சரில் இல்லை, பிசிஆரில் இருக்கிறது!

கேள்வி: அப்பாவுக்குக் கடும் காய்ச்சல். ரத்தக் கல்ச்சரில் எதுவும் வளரவில்லை. பிசிஆரில் கிருமி இருப்பதாக வந்திருக்கிறது. எதை நம்புவது?

பதில்: இரண்டுமே சரியாக இருக்கலாம். உயிருள்ள கிருமி வளர்ந்தால்தான் கல்ச்சரில் தெரியும்; ரத்தம் எடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக் போட்டிருந்தால் வளராமல் போகும். பிசிஆர் கிருமியின் மரபணுத் துண்டைப் பெருக்கிக் காட்டுவதால், செத்த கிருமியும் அதில் சிக்கும். ஊசி குத்திய தோலில் இருந்த கிருமியும் சிக்கும். தோலில் சாதாரணமாக வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற கிருமி வந்திருந்தால், அது தோலிலிருந்து வந்ததா என்று மருத்துவரிடம் அவசியம் கேளுங்கள்.

பிசிஆர் 'நெகட்டிவ்' என்றாலோ இன்னும் கவனம் வேண்டும். பெரியவர்களின் ரத்தத்தில் மில்லிக்கு ஒன்றிரண்டு கிருமிகளே இருக்கக்கூடும். கல்ச்சர் பாட்டில் ஒவ்வொன்றுக்கும் 8 முதல் 10 மில்லி போகிறது. பிசிஆருக்கு 1 மில்லிதான் எடுத்தார்கள் என்றால் அதில் கிருமியே இல்லாமல் போகலாம். ஹெப்பாரின் (ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்து) போட்ட குழாயில் எடுத்த ரத்தமும் பிசிஆருக்கு ஆகாது, அந்த மருந்து மரபணுத் துண்டின் பெருக்கத்தையே தடுக்கும். ஈடிடிஏ என்ற வேறொரு உறைதடுப்புப் பொருள் போட்ட குழாய்தான் சரி.

கல்ச்சரையும் விடக் கூடாது. எந்த மருந்துக்குக் கிருமி கட்டுப்படும் என்று முழுமையாகச் சொல்வது அதுதான். பிசிஆரோ, கிருமியை மருந்துக்குக் கட்டுப்படாமல் செய்யும் மெக்ஏ போன்ற சில மரபணுக்களை மட்டுமே காட்டும்.