எட்டாம் வகுப்பில் இயற்கணிதம் வரவில்லையா? சமக்குறியிலிருந்து தொடங்குங்கள்

எட்டாம் வகுப்பு படிக்கும் மகளுக்கு இயற்கணிதம் ஏறவில்லை, அதனால் பதினொன்றாம் வகுப்பில் கணிதம் உள்ள குரூப்பைத் தவிர்த்துவிடலாமா என்று கேட்கிறீர்கள். அந்த முடிவை இப்போது எடுக்காதீர்கள். தமிழ்நாட்டுப் பொறியியல் கலந்தாய்வில் கட்-ஆஃப் 200-இல் பாதி, அதாவது 100, கணிதத்துக்கு உரியது. எட்டாம் வகுப்புத் தடுமாற்றத்தை வைத்து அதைக் கைகழுவ வேண்டாம். பெரும்பாலும் கோளாறு அதற்கு முந்தைய வகுப்புகளில் இருக்கும்.

இன்று மாலையே ஒரு கணக்குக் கொடுங்கள்: 8 + 4 = □ + 5. கட்டத்தில் 12 என்று எழுதினால் காரணம் கிடைத்துவிட்டது. தொடக்கப்பள்ளி முழுக்க சமக்குறிக்கு வலப்பக்கம் விடை மட்டுமே வந்ததால், அதை "விடையை எழுது" என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிறாள். இரு தட்டும் நேராக நிற்கும் தராசு அது என்று புரியாதவரை எந்தச் சமன்பாடும் புரியாது. 6 + □ = 20 − 3 போல தினம் பத்துக் கணக்கு, ஒரு வாரம் போடட்டும்.

அடுத்தது எழுத்து. (புத்தகத்தில் வரும் எக்ஸுக்குப் பதில் இங்கே க.) 'க என்றால் கத்தரிக்காய்' என்று தயவுசெய்து சொல்லித்தராதீர்கள். க என்பது ஓர் எண். கத்தரிக்காய் கிலோ க ரூபாய் என்றால் 3 கிலோவின் விலை 3க. இது தெளியாத பிள்ளைதான் 2 + 3க-வை 5க என்று சேர்த்துவிடும். க-வுக்கு 10 போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்: ஒன்று 32, மற்றது 50. சோதனைக்கு 1 மட்டும் வேண்டாம். இரண்டும் 5 என்றே வந்து தவறு மறைந்துவிடும்.

மிக அதிகம் கெடுப்பது "அந்தப் பக்கம் போனால் குறி மாறும்" என்ற மனப்பாடம். 3க = 12 என்பதில் 3-ஐத் தூக்கி 12 − 3 = 9 என்று எழுதுவது இதனால்தான். அங்கே 3 கூட்டப்படவில்லை, பெருக்கப்பட்டிருக்கிறது. ஆகவே இரு பக்கத்தையும் 3-ஆல் வகுக்க வேண்டும்; க = 4. மூன்று மாதமாவது "இரு பக்கமும் என்ன செய்தேன்" என்பதை ஒவ்வொரு வரியிலும் எழுதட்டும். குறுக்குவழி தானாக வரும். கடைசி வரியில் விடையைப் பொருத்திப் பார்ப்பதும் கட்டாயம்: 3 × 9 = 27, 12 இல்லை என்று அவளே கண்டுபிடிப்பாள்.

அடைப்புக்குறிக்கு முன் கழித்தல் வந்தாலும் இதே பொருத்திப் பார்த்தல் உதவும். 10 − (க − 4) என்பது 14 − க. பலர் 10 − க − 4 என்பார்கள். க = 6 என்றால் சரியான விடை 8, தவறான வழியில் 0.

வாக்கியக் கணக்குக்கு வீட்டு விஷயங்களையே எடுங்கள். ஆட்டோவுக்கு முதலில் 50 ரூபாய், பிறகு கிலோமீட்டருக்கு 15 ரூபாய், மொத்தம் 140 கொடுத்தோம் என்றால் 50 + 15க = 140; க = 6.

தினம் இருபது நிமிடம் போதும். டியூஷன் சேர்ப்பதானால், ஐம்பது கணக்கு போட வைப்பவரைவிட, தவறாகப் போட்ட ஐந்தை உட்கார்ந்து பார்ப்பவரைத் தேடுங்கள். ஒன்பதில் இரு மாறிச் சமன்பாடுகளும் பத்தில் இருபடிச் சமன்பாடுகளும் வரும். குரூப் பேச்சைப் பத்தாம் வகுப்பு அரையாண்டு விடைத்தாள் கைக்கு வந்தபின் எடுக்கலாம்.