பேக்கேஜ் மேனேஜர் என்பது என்ன, அது ஏன் தேவைப்படுகிறது?

பெர்ல், பைத்தான் போன்ற நிரல்மொழிகளில் பிறர் எழுதி வைத்த ஆயத்த நிரல்தொகுதியை மாட்யூல் என்கிறோம். அதைத் தேடி இறக்கி, நிறுவி, கேட்கும்போது புதுப்பித்தும் தரும் கருவியே பேக்கேஜ் மேனேஜர். ஒரு மாட்யூல் வேறு பல மாட்யூல்களைச் சார்ந்திருப்பதாலும், அவற்றில் சில குறிப்பிட்ட பதிப்புகளோடு மட்டுமே ஒத்துப்போவதாலும், கையால் நிறுவும்போது ஏதேனும் ஒன்று எளிதில் விடுபட்டுவிடும். ஆம்பூரில் பிரியாணி கேட்டால் கத்தரிக்காயும் வெங்காயப் பச்சடியும் கேளாமலே இலைக்கு வருவதைப் போல (பழைய வட ஆற்காட்டுக்காரனுக்கு வேறு உவமை தோன்றாது), பைத்தானின் பிப் கருவி சார்ந்த மாட்யூல்களையும் சேர்த்தே கொண்டுவரும். பெர்லுக்கு 1995 முதலே சிபான் என்னும் பொதுக் களஞ்சியம் உண்டு. தானியக்கம் என்றாலே எப்போதும் மிகப் புதிய பதிப்பு வந்து சேரும் என்று பலர் எண்ணுகின்றனர். உண்மையில், சோதித்துப் பார்த்த பதிப்பு எண்களை ஒரு கோப்பில் எழுதி வைத்தால், அந்தப் பதிப்புகளையே கருவி நிறுவும்.